உதட்டின் மேல் ஒரு விரல்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வேடிக்கைச் சாமான்கள் விற்கும் ஆர்ச்சி மெக்ஃபீ என்ற நிறுவனம் 2003-இல் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண். முதுகில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கை மேலெழும்பி, ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போகும். 'உஷ்!' அவ்வளவுதான் அந்தப் பொம்மைக்குத் தெரிந்த வித்தை. அதற்கு மாதிரியாக இருந்தவர் நிஜமான ஒரு நூலகர், நான்சி பேர்ல். ஒரு நகரம் முழுவதும் ஒரே சமயத்தில் ஒரே நாவலைப் படித்து விவாதிக்கட்டும் என்ற திட்டத்தை 1998-இல் சியாட்டிலில் தொடங்கியவர் அவர்தான். பிறகு அது பல நகரங்களுக்குப் பரவியது. ஓர் ஊரையே புத்தகம் பற்றிப் பேசவைத்த பெண்ணைப் பொம்மையாக வார்த்தபோது, 'பேசாதே' என்ற ஒரே ஒரு அசைவைத்தான் அதற்குக் கொடுக்கத் தோன்றியிருக்கிறது. நூலகர்களில் பலர் கோபப்பட்டார்கள். பேர்ல் சிரித்துக்கொண்டார். பொம்மை நன்றாகவே விற்றது.

அந்த விரல் சினிமாவிலிருந்து வந்தது. கொண்டை, கண்ணாடி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, உதட்டில் விரல் என்று ஹாலிவுட் எழுபது எண்பது வருடங்களாக வரைந்துவரும் நூலகர் உருவத்தைப் பற்றி நூலகர்களே நிறையப் புலம்பியிருக்கிறார்கள். பெரும்பாலான புலம்பல் தோற்றத்தைப் பற்றியது: எங்களில் அழகானவர்கள் இல்லையா, இளைஞர்கள் இல்லையா, பச்சை குத்தியவர்கள் இல்லையா? இந்தக் கேள்விகள் நியாயமானவைதான், ஆனால் கோளாறு கொண்டையில் இல்லை. கோளாறு அந்த விரலில் இருக்கிறது. நூலகர் வேலைக்கும் மௌனத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதைச் சினிமா சரியாகவே மோப்பம் பிடித்தது. அந்த மௌனம் யாருக்காக என்பதில்தான் தலைகீழாகப் போயிற்று. வாசகரின் வாயை அடைப்பவராக நூலகரைக் காட்டினார்கள். நிஜத்தில் அவர் வாசகர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவர், கேட்டதை வெளியே சொல்லாமல் வாயை மூடிக்கொள்பவர்.

ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்தை நூலகர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். ஜார்ஜ் பெய்லி பிறக்காமலே போயிருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று தேவதூதர் கிளாரன்ஸ் காட்டுகிறார். தம்பி குழந்தையிலேயே செத்துப்போயிருக்கிறான். மருந்துக்கடைக்காரர் ஜெயிலுக்குப் போய்வந்து குடிகாரர் ஆகியிருக்கிறார். மாமா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில். கடைசியாக, சொல்லவே தயங்கித் தயங்கி, மனைவி மேரியின் கதி: கல்யாணமாகாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, லைப்ரரியைப் பூட்டிவிட்டு வெளியே வருகிறாள். சாவு, ஜெயில், பைத்தியம் என்ற வரிசையின் உச்சத்தில் நூலகர் உத்தியோகம்! இந்தக் காட்சியில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கொடுமைக்காரப் பாட்டர் கைப்பற்றிய அந்த ஊரில் சாராயக்கடையும் அடகுக்கடையும் நடனவிடுதியும்தான் மிச்சம். அப்படிப்பட்ட ஊரிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், அவ்வளவு நேரம்வரை, பொது நூலகம் திறந்திருந்திருக்கிறது. திறந்துவைத்திருந்தவள் மேரி. படம் அதைப் பாராட்டவில்லை.

கல்யாணமாகாத நூலகி என்ற உருவம் காற்றிலிருந்து வந்ததல்ல. மெல்வில் டூயி 1887-இல் நியூயார்க்கின் கொலம்பியாவில் முதல் நூலகப் பள்ளியைத் திறந்தபோது முதல் வகுப்பின் 20 பேரில் 17 பேர் பெண்கள். கல்லூரி நிர்வாகிகளுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டே வருடத்தில் பள்ளி அங்கிருந்து ஆல்பனிக்கு நகர்ந்தது. ஆனால் படித்த பெண்களைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது ஊர்தோறும் நூலகம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வசதியாக இருந்தது. கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. அப்படியிருக்க, மேஜைக்குப் பின்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர் கல்யாணமாகாதவராகத்தானே இருப்பார்? வேலைக்கு விதித்த நிபந்தனையை அந்த வேலையில் இருப்பவரின் குணமாக மாற்றிக் காட்டியதுதான் சினிமா செய்த காரியம்.

'தி மியூசிக் மேன்' (1962) கொஞ்சம் நுட்பமான படம். 1912-ஆம் வருட அயோவா மாநிலச் சிற்றூரில் மேரியன் பரூ நூலகர். நூலகக் கட்டடத்தை ஊருக்கும், உள்ளே இருக்கும் புத்தகங்களை மேரியனுக்கும் என்று எழுதிவைத்துவிட்டு இறந்திருக்கிறார் ஒரு பணக்காரர். ஊர்ப் பெண்கள் அதை வைத்துக் கிசுகிசுக்கிறார்கள். சாசர், ராபலே, பால்சாக் என்று கண்ட புத்தகத்தையும் படிக்கச் சொல்கிறாள் என்பது கூடுதல் குற்றச்சாட்டு. பேண்டு வாத்தியம் விற்பதாக ஊரை ஏமாற்ற வரும் ஹாரால்டு ஹில் நூலகத்துக்குள் வந்து பாடி ஆடுகிறான். அவள் அவனை அடக்கப் பார்க்கிறாள். விரல் மறுபடியும் உதட்டில்! இதே படத்தில்தான் ஹாலிவுட்டில் அபூர்வமாகக் கிடைக்கும் ஒரு தொழில் தருணமும் இருக்கிறது. கேரி நகர இசைக்கல்லூரியில் 1905-இல் படித்துத் தேறியதாக அவன் சொன்னதை மேரியன் ஒரு பார்வை நூலை எடுத்துச் சரிபார்க்கிறாள். அந்த ஊரே 1906-இல்தான் உருவானது என்று தெரிகிறது. ஆள் மோசடிக்காரன், ஆதாரம் கையில். பிறகு அவன்மேல் மனம் சாய்ந்து, மேயரிடம் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறாள். நூலகர் பக்கம் கிழிக்கிறார், தியேட்டர் மகிழ்கிறது. தன் வேலையில் தோற்றால்தான் அவள் பெண்ணாக ஜெயிக்க முடியும் என்பது கதையின் கணக்கு.

சரி, அந்த வேலைதான் என்ன? ஆலன் பக்குலாவின் 'சோஃபிஸ் சாய்ஸ்' (1982) அதைக் காட்டாமலே காட்டிவிடுகிறது. நாஜி முகாமிலிருந்து தப்பி புரூக்ளினுக்கு வந்து, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிறாள் சோஃபி. வகுப்பில் ஓர் அமெரிக்கக் கவிஞரின் பெயர் காதில் விழுகிறது. நூலகக் கவுண்டருக்குப் போய், தனக்குக் கேட்டபடி 'எமில் டிக்கன்ஸ்' என்று கேட்கிறாள். அங்கே இருக்கும் ஆள் நிமிர்ந்து பார்த்து, டிக்கன்ஸ் ஆங்கிலேயர், அவர் நாவலாசிரியர், அமெரிக்காவில் அப்படி ஒரு கவிஞர் கிடையாது என்று எல்லோர் காதிலும் விழும்படி அதட்டுகிறார். அவமானத்தில் அவள் மயங்கி விழுகிறாள். அவள் தேடியது எமிலி டிக்கின்சனை. அந்த ஆள் சொன்ன தகவலில் தப்பே இல்லை. அப்படி ஒரு கவிஞர் கிடையாதுதான். ஆனால் பெயரைப் பாதியாகவும் கோணலாகவும் கொண்டுவரும் வாசகர்தான் நூலகத்தின் அன்றாடம். 'நீலக்கலர் அட்டை, ஒரு டாக்டர் எழுதினது' என்று கேட்பவர்கள் வராத நூலகம் எந்த நாட்டிலும் இல்லை. அவர் சொல்வதிலிருந்து அவர் தேடுவதைப் பிடிக்க, இரண்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எங்கே கேள்விப்பட்டீர்கள், பாட்டா கதையா, எந்த ஊர்க்காரர் என்றார்கள்? நூலகப் பயிற்சியில் இதைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்ஜோடியான காட்சி 25 வருடம் முன்பே வந்துவிட்டது. 'டெஸ்க் செட்' (1957) படத்தில் ஒரு ஒலிபரப்பு நிறுவனத்தின் தகவல் பிரிவுக்குத் தலைவி பன்னி வாட்சன் (கேத்தரின் ஹெப்பர்ன்). எதைக் கேட்டாலும் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிடும் நான்கு பெண்கள் அங்கே. அவர்களுடைய அறைக்குள் எமெராக் என்ற ராட்சசக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைக்கிறார் ஸ்பென்சர் டிரேசி. வேலை போய்விட்டது என்ற சீட்டும் வந்துவிடுகிறது. அப்போது ஒரு தொலைபேசி அழைப்பு: கார்ஃபு தீவைப் பற்றித் தகவல் வேண்டும். இயந்திரத்தை இயக்கும் பெண் அதைக் 'கர்ஃபியூ' என்று தட்டிவிடுகிறாள். ஊரடங்கு மணியைப் பற்றிய ஒரு பழைய நெடுங்கவிதையை இயந்திரம் வரிவரியாகக் கக்க ஆரம்பிக்கிறது, நிறுத்தவே முடியவில்லை. எமில் டிக்கன்ஸும் கர்ஃபியூவும் ஒரே தவறுதான். ஒன்றில் மனிதர் இயந்திரம்போல நடந்துகொண்டார், மற்றதில் இயந்திரம் இயந்திரமாகவே நடந்துகொண்டது. கேட்ட சொல்லுக்குப் பதில் தருவது வேறு, கேட்டவருக்குப் பதில் தருவது வேறு என்ற பாடத்தைக் கூகுளுக்கு நாற்பது வருடம் முன்பே ஒரு காதல் நகைச்சுவைப் படம் சொல்லிவைத்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சினிமாவில் எந்தத் தொழில்தான் ஒழுங்காக வந்திருக்கிறது? போலீஸ்காரர் வாரண்ட் எழுதுவதில்லை, வக்கீல் வாய்தா வாங்குவதில்லை, டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று ஒரே வசனம் பேசுகிறார். நூலகருக்கு மட்டும் ஏன் தனி வருத்தம்? நியாயமான கேள்விதான். ஆனால் போலீஸ் துப்புத் துலக்குவார், டாக்டர் அறுவைசிகிச்சை செய்வார், வக்கீல் குறுக்குவிசாரணை செய்வார் என்ற அளவில் அந்தத் தொழில்களின் மையத்தைச் சினிமா தப்பும் தவறுமாகவாவது காட்டிவிடுகிறது. நூலகருடைய மையத்தைத் தவறாகக்கூடக் காட்டுவதில்லை. அவர் வெறுமனே உட்கார்ந்திருப்பார், முத்திரை குத்துவார், முறைப்பார். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2002-இல் வந்த படத்தில் ஜெடாய் ஆவணக்காப்பகத்தின் மூதாட்டி, எங்கள் பதிவில் இல்லாத கிரகம் உலகிலேயே இல்லை என்று சாதிக்கிறார். பதிவை யாரோ அழித்திருக்கிறார்கள் என்பதைக் கடைசியில் சின்னப் பையன் ஒருவன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்லாக்கில் ஓட்டை விழும், அட்டை தொலையும், புத்தகம் இடம் மாறும் என்பது நூலகருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோகும் சங்கதி.

உட்கார்ந்திருக்கும் வேலை என்ற நினைப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு எஸ். ஆர். ரங்கநாதனே சாட்சி. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு வந்தார். வெறும் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பது சகிக்காமல் சில நாளிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிடப் பார்த்தார். லண்டனுக்குப் போய் அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தைக் கண்ட பிறகுதான் மனம் மாறியது. ஏழே வருடத்தில், 1931-இல், நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். அவற்றில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அமைதி காக்கச் சொல்லும் விதி ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டாவது மறுப்பு: காலம் மாறிவிட்டதே, இப்போதெல்லாம் நூலகர்கள் கதாநாயகர்கள் இல்லையா? 'தி மம்மி' (1999) ஈவ்லின், பிசாசுகளை வேட்டையாடும் பஃபிக்கு வழிகாட்டும் ஜைல்ஸ், பகலில் நூலகராக இருக்கும் பேட்கேர்ல்? பேட்கேர்ல் 1967-இலேயே வந்துவிட்டாள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இவர்கள் எல்லோரும் நூலகத்தை விட்டு வெளியே வந்தபிறகுதான் நாயகர்கள் ஆகிறார்கள். ஈவ்லினின் அறிமுகக் காட்சியை உற்றுப் பார்த்தால் அழகான ஒரு விஷயம் தெரியும். ஏணிமேல் நின்று, எஸ் வரிசையில் தவறி வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு புத்தகத்தை டி வரிசையில் சேர்க்க எட்டுகிறாள். நூலகத்தில் தினமும் நடக்கும் வேலைதான் இது. இடம் தப்பிய புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். படம் அதற்குக் கொடுக்கும் பரிசு என்ன? ஏணி சாய்கிறது, ஒரு ரேக் அடுத்த ரேக்கைத் தள்ள, வட்டமாக அத்தனை அடுக்குகளும் சரிகின்றன. 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' (1984) நியூயார்க் பொது நூலகத்தில் தொடங்கும்போதும் இதே கதை: கேட்லாக் அட்டைப் பெட்டிகள் தாமே திறந்து அட்டைகள் பறக்கின்றன. அடுக்கிவைப்பதைப் படமாக்கத் தெரியாத கேமராவுக்குக் கலைப்பதைப் படமாக்க நன்றாகத் தெரிகிறது.

அடுக்குவதையும் தேடுவதையும் படமாக்கினால் தூக்கம் வராதா என்று கேட்கலாம். 'ஸ்பாட்லைட்' (2015) பார்த்தவர்களுக்கு வரவில்லை. குழந்தைகளிடம் அத்துமீறிய பாதிரியார்களைத் தேடும் நிருபர்கள், பாஸ்டன் குளோப் பத்திரிகையின் நூலகத்தில் கிடைத்த பழைய தேவாலய ஆண்டுக் கையேடுகளில் பாதிரியார்களின் பெயருக்கு எதிரே 'மருத்துவ விடுப்பு' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று ஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்கிப் பார்க்கிறார்கள். ஒரு கொலைகூட இல்லாமல் அந்தப் படத்தின் மிகத் திகிலான இடம் அது.

இனி மௌனத்தின் மறுபக்கம். 1995 ஒரு விசித்திரமான வருஷம். அந்த ஒரே வருடத்தில் வெளிவந்த மூன்று பிரபலமான படங்களில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்ற விவரம்தான் கதையின் சாவி. ஷுன்ஜி இவாயின் 'லவ் லெட்டர்' படத்தில் யாரும் தொடாத புத்தகங்களின் அட்டைகளில் ஒரு பையன் எழுதிவைத்த பெயர், வருடங்கள் கழித்து ஒரு காதலை வெளிப்படுத்துகிறது. ஜிப்லியின் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' படத்தில் தான் எடுக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் தனக்கு முன்பே ஒரே பையன் எடுத்திருப்பதை அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள் ஷிசுகு. அவளுடைய அப்பா நூலகத்தில் வேலை செய்கிறார், விரைவில் அட்டைகள் போய் பார்கோடு வரப்போகிறது என்கிறார், அவளுக்கு வருத்தம். பார்ப்பவர்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கும், காட்சி அத்தனை இனிமை. ஆனால் வாசகரின் இரகசியத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று ஜப்பான் நூலகச் சங்கம் தன் பிரகடனத்தில் 1979-இலேயே எழுதிவைத்துவிட்டது. காதலுக்கு உதவிய அதே அட்டை வேவு பார்ப்பவனுக்கும் உதவும் என்பதை மூன்றாவது படமே காட்டுகிறது. டேவிட் ஃபிஞ்சரின் 'செவன்' அது. சில குறிப்பிட்ட நூல்களை எடுத்தவர்களின் பட்டியலை எஃப்.பி.ஐ. ஆள் ஒருவருக்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் துப்பறிவாளர்கள். அந்தப் பட்டியல் கொலைகாரனின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவன் பெயர் ஜான் டோ. பெயர் தெரியாதவர்களுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் வைக்கும் பெயர். இந்தப் பட்டியல் விவகாரம் முழுவதிலும் நூலகர் என்று ஒருவர்கூட இல்லை. மார்கன் ஃப்ரீமன் இரவில் நூலகத்தில் படிக்கும் அழகான காட்சியிலும் சீட்டு விளையாடும் காவலாளிகள்தான் இருக்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து, 2005-இல், கனெக்டிகட் மாநிலத்தில் நிஜமாகவே எஃப்.பி.ஐ. ஒரு நூலகக் கூட்டமைப்பின் கதவைத் தட்டியது. ஒரு கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தினார்கள் என்ற விவரம் வேண்டும். நீதிபதியின் ஆணை இல்லை, பாதுகாப்புக் கடிதம் ஒன்று மட்டும். கடிதம் வந்ததையே யாரிடமும் சொல்லக்கூடாது என்ற தடையும் அதிலேயே உண்டு. நான்கு நூலகர்கள் தர மறுத்து வழக்குப் போட்டார்கள். தடையால் சொந்தப் பெயரில் போட முடியவில்லை. ஆகவே நீதிமன்றத்தில் அவர்கள் பெயர் ஜான் டோ. சொந்த வழக்கின் விசாரணைக்கே நேரில் போக முடியாமல், வேறோர் ஊர் நீதிமன்றத்தின் அறையில் பூட்டப்பட்டு உட்கார்ந்து தொலைக்காட்சித் திரையில் பார்த்தார்கள். பட்டியல் கொடுத்தது சினிமாவில் கொலைகாரனின் வாசலைக் காட்டியது. பட்டியல் கொடுக்க மறுத்தது நிஜத்தில் நான்கு பேரைப் பெயரில்லாதவர்கள் ஆக்கியது.

போலீஸுக்கு உதவ மறுப்பது பெருமையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். குற்றவாளியைப் பிடிக்க நீதிபதியின் ஆணையோடு வந்தால் கொடுக்கலாம் என்பதுதான் அவர்கள் நிலை; ஆணை இல்லாமல், யாருக்கும் தெரியாமல் என்பதைத்தான் எதிர்த்தார்கள். புற்றுநோயைப் பற்றியோ விவாகரத்துச் சட்டத்தைப் பற்றியோ புத்தகம் எடுப்பவர் கவுண்டரில் தயங்கி நிற்பது ஏன் என்று யோசித்தால் இதன் நியாயம் புரியும். 'சோஃபிஸ் சாய்ஸ்' கவுண்டர்க்காரரின் குற்றம் அலட்சியம் மட்டுமில்லை. அவள் மெதுவாகக் கேட்டதை அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

இந்தத் தொழில் தர்மத்தைச் சினிமா தொடவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'ஸ்டார்ம் சென்டர்' (1956) படத்தில் பெட்டி டேவிஸ், கம்யூனிஸ்ட் புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தால் குழந்தைகள் பிரிவு கட்டித் தருகிறோம் என்ற நகரசபையின் பேரத்தை மறுத்து வேலையை இழக்கிறார். அதன் பின்னால் உண்மைக் கதை இருந்தது. ஓக்லஹோமாவின் பார்ட்லஸ்வில் ஊரில் 30 வருடம் நூலகராக இருந்த ரூத் பிரவுன் 1950-இல் நீக்கப்பட்டார். சொன்ன காரணம் இடதுசாரி இதழ்கள் வைத்திருந்தது; உள்ளே இருந்த ஆத்திரம், அவர் கறுப்பினத் தோழியரை வெள்ளையர் உணவு உண்ணும் இடத்துக்கு அழைத்துப்போனது. ஹாலிவுட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையை விட்டுவிட்டது. ஜப்பானில் ஹிரோ அரிகாவா 2006-இல் தொடங்கிய 'லைப்ரரி வார்' நாவல் வரிசை இன்னும் துணிச்சல்: நூலகச் சங்கத்தின் அந்த வறண்ட பிரகடனத்தையே சட்டமாக்கி, தணிக்கைப் படைக்கு எதிராக நூலகங்களுக்கு ஒரு ராணுவமே கொடுத்துவிட்டார். துப்பாக்கி கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் எதற்காகச் சண்டை என்பதில் ஹாலிவுட்டைவிடத் தெளிவு அதிகம்.

நூலகத்தில் 'அமைதி' என்று பலகை தொங்கியது பொய்யா, விரலை வைத்த நூலகர்கள் இருந்ததே இல்லையா என்றால், இருந்தார்கள். வாசகர்களே இன்றும் அமைதி கேட்கிறார்கள். பரீட்சைக்குப் படிப்பவர்கள் முதல் ஆளாகக் கேட்பார்கள். ஆனால் ஓர் அறையின் ஒழுங்கை ஒரு தொழிலின் சாரமாக்கினால் அதற்கு விலை இருக்கிறது. பிரிட்டனில் 2010-க்குப் பிறகு சிக்கன நடவடிக்கையில் நூற்றுக்கணக்கான பொது நூலகங்கள் மூடப்பட்டன; பலவற்றை உள்ளூர்த் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார்கள். முத்திரை குத்தி, சத்தம் போடுபவரை அதட்டுவதுதான் வேலை என்றால் யார் வேண்டுமானாலும் செய்யலாமே. டாக்டரில்லாமல் ஆஸ்பத்திரியைத் தன்னார்வலர்களிடம் கொடுக்கச் சொல்ல எந்த நகரசபைக்கும் வாய் வராது.

கனெக்டிகட் நால்வர் மீதான தடையை 2006-இல் அரசு கைவிட்டது. பிறகு விவரம் கேட்ட கோரிக்கையையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன்பின் அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், மேடையில், மைக் முன்னால், சொந்தப் பெயரில். அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.